நீச்சல் போட்டிக்கு ஒரு மனு

1931 டிசம்பர் 14. கிழக்கு வங்கத்தின் கொமில்லா நகரம். மாவட்ட மாஜிஸ்திரேட் ஸ்டீவன்ஸைப் பார்க்க இரண்டு பள்ளி மாணவிகள் அவருடைய பங்களாவுக்கு வருகிறார்கள். குளிர்காலமாதலால் சால்வை போர்த்தியிருக்கிறார்கள். கையில் ஒரு மனு. மாணவிகளுக்கு நீச்சல் போட்டி நடத்த அனுமதியும் உதவியும் வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. காவலர்கள் அவர்களைச் சோதிக்கவில்லை. நீச்சல் போட்டி கேட்டு வந்த பெண் குழந்தைகளிடம் சோதிக்க என்ன இருக்கிறது? ஸ்டீவன்ஸ் வெளியே வந்து மனுவை வாங்கிப் படிக்கிறார். சற்று நேரத்தில் சால்வைகளுக்குள்ளிருந்து இரண்டு துப்பாக்கிகள் வெளியே வருகின்றன. மாஜிஸ்திரேட் அங்கேயே இறந்துபோகிறார்.

சாந்தி கோஷுக்கு அப்போதுதான் பதினைந்து முடிந்திருந்தது. சுனிதி சௌத்ரிக்குப் பதினான்கரை. கல்லூரியில் இளங்கலை முதலாண்டில் வந்து அமரும் பெண்களைவிடவும் மூன்று வயது சிறியவர்கள். சுதந்திரப் போராட்ட வீராங்கனைகள் வரிசையில் இவர்களுக்கு வழக்கமாக அரைப் பக்கம் கிடைக்கும்; துப்பாக்கி வெடித்ததோடு அந்த அரைப் பக்கமும் முடிந்துவிடும். அதற்கு முன்னால் என்ன இருந்தது, அதற்குப் பின்னால் வந்த ஐம்பத்தேழு ஆண்டுகள் எப்படிப் போயின என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்ட கேள்வி.

தமிழ் படித்தவளுக்குப் பதினான்கு என்ற எண் வந்ததும் உலா நூல்கள் நினைவுக்கு வராமல் இருக்காது. பேதை, பெதும்பை, மங்கை என்று ஏறிவரும் பருவங்களில் மடந்தைப் பருவம் பதினான்கில் தொடங்குகிறது. வீதியில் வரும் தலைவனைப் பார்த்து மயங்கும் விதத்தை வைத்தே அந்த நூல்கள் பெண்ணின் வயதை அளந்தன. பெண்ணுக்கு வேறு எதைக் கண்டும் வயது ஏறும் என்று அவை நினைக்கவில்லை. ‘மடம்’ என்ற சொல்லை நாம் அறியாமை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பழைய உரைகாரர்கள் அதற்குத் தரும் விளக்கம் இன்னும் கூர்மையானது: பிறர் அறிவித்ததை ஏற்றுக்கொள்வது, ஏற்றதை விடாமல் பற்றிக்கொள்வது. நற்குணமாகத்தான் அதைச் சொன்னார்கள். கணவன் வீட்டுக்காகத் தயாரிக்கப்பட்ட அந்தக் குணம் ஒரு புரட்சி இயக்கத்தின் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று அவர்கள் யோசித்திருக்க வாய்ப்பில்லை.

இந்தப் பெண்களுக்கு அறிவித்தவர்கள் யார்? முதலில் பள்ளிக்கூடம். இருவரும் படித்தது பைசுன்னிசா பெண்கள் பள்ளியில். அதை 1873இல் நிறுவியவர் நவாப் பைசுன்னிசா சௌதுரானி என்ற முஸ்லிம் பெண் ஜமீன்தார்; அவரே எழுத்தாளரும்கூட. பெண்கள் நிலைப்படி தாண்டவே யோசித்த காலத்தில் ஒரு பெண் தன் பணத்தில் கட்டிய பள்ளி, அறுபது ஆண்டுக்குள் இப்படி இருவரைத் தந்தது. பைசுன்னிசா இதை விரும்பியிருப்பாரா என்பது வேறு விஷயம். பெண்களுக்கு எழுத்தைத் திறந்துவிட்டால் அவர்கள் எதைப் படிப்பார்கள் என்பதைத் திறந்துவிட்டவர் தீர்மானிக்க முடியாது. அந்தத் தலைமுறை படித்தது சரத்சந்திரரின் ‘பதேர் தாபி’. 1926இல் நூலாக வந்து, உடனேயே தடை செய்யப்பட்டு, அதனாலேயே கைக்குக் கை மாறிய நாவல்.

அடுத்தது மாணவியர் சங்கங்கள். டாக்காவில் லீலா நாக் 1923இல் தொடங்கிய தீபாலி சங்கமும், கல்கத்தாவில் கல்யாணி தாஸும் தோழிகளும் 1928இல் தொடங்கிய சாத்ரி சங்கமும் பெண்களுக்குப் படிப்போடு சிலம்பம், சைக்கிள் என்று பலவும் கற்றுத் தந்தன. கொமில்லாவிலும் அப்படி ஒரு மாணவியர் சங்கம் உருவாயிற்று. சாந்தி அதன் செயலாளர். சுனிதி தொண்டர் படையின் தலைவி. இருவரையும் யுகாந்தர் இயக்கத்துக்குள் அழைத்து வந்தவள் அதே பள்ளியின் மூத்த மாணவி பிரபுல்லநளினி பிரம்மா. மைனாமதி குன்றுப் பக்கம் போய்த் துப்பாக்கி சுடப் பழகினார்கள். சுனிதியின் சுட்டுவிரல் விசைக்கு எட்டவில்லையாம், நடுவிரலால் பழகிக்கொண்டாளாம். இந்த ஒரு தகவலை மட்டும் என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. விரல் இன்னும் வளர்ந்து முடியவில்லை.

பெண்களை ஏன் அனுப்பினார்கள் என்பதற்கு வீரக் கதைகள் பதில் சொல்வதில்லை. 1930 ஏப்ரல் 18 சிட்டகாங் ஆயுதக் கிடங்குத் தாக்குதலில் ஒரு பெண்கூட இல்லை. அதன்பின் வங்கத்தின் இளைஞர்கள்மீது அடக்குமுறை பாய்ந்தது. அடையாள அட்டை, ஊரடங்கு, விசாரணையில்லாத சிறை. வேட்டி கட்டிய எந்தப் பையன் வெள்ளைக்கார அதிகாரியின் வாசலுக்கு வந்தாலும் சோதனை போட்டார்கள். சேலை கட்டிய பெண் மட்டும் சந்தேகத்துக்கு வெளியே இருந்தாள். அதாவது பெண்ணின் வெகுளித்தனம் என்று ஆட்சியாளர்கள் நம்பியதையே இயக்கம் ஆயுதமாக்கிக்கொண்டது. கணக்கு என்று பார்த்தால் சரியான கணக்கு. ஆனால் கணக்குப் போட்டவர்கள் தங்கள் குழுவின் முடிவெடுக்கும் இடத்தில் இந்தப் பெண்களை உட்கார வைத்தார்களா?

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அவர்கள் இழுத்துச் செல்லப்படவில்லை. கடிதம் கொண்டுபோவது, துப்பாக்கியை ஒளித்து வைப்பது போன்ற சில்லறை வேலைகள் போதாது, ஆண்களுக்குத் தரும் வேலையை எங்களுக்கும் தாருங்கள் என்று கேட்டவர்கள் அவர்கள். பயன்படுத்தப்படுவதும் தானே முன்வருவதும் எதிரெதிரானவை என்று நாம் நினைக்கிறோம். பதினான்கு வயதில் இரண்டும் ஒரே உடம்பில் இருக்க முடியும். திருமணத்துக்குத் தலையசைத்த அதே வயதுப் பெண்களைப் பற்றி நாம் இதைத் தயங்காமல் சொல்வோம். புரட்சி என்றதும் ஏன் தயங்குகிறோம்?

ஸ்டீவன்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவரோடு இந்தப் பெண்களுக்குத் தனிப்பகை எதுவும் இல்லை. அந்த நாற்காலியில் அன்று அமர்ந்திருந்தவர் அவர். மனுவைக் கையில் வாங்கிய ஒரு மனிதர். இதை எழுதாமல் அவர்களுடைய துணிவைப் பாட என்னால் முடியாது. மூன்று மாதத்துக்குள், 1932 பிப்ரவரி 6 அன்று, கல்கத்தாப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் ஆளுநர் ஸ்டான்லி ஜாக்சனை நோக்கிச் சுட்ட பீனா தாஸ் நீதிமன்றத்தில் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: அந்த மனிதர்மேல் எனக்குப் பகை இல்லை, அவர் உருவாக நிற்கும் ஆட்சியின் மேல்தான். பட்டம் வாங்க வந்த பெண்ணின் அங்கிக்குள் துப்பாக்கி இருந்தது. குறி தப்பியது. ஒன்பது ஆண்டு கடுங்காவல். பீனாவுக்கு அப்போது வயது இருபது; தன் செயலைத் தானே விளக்கத் தெரிந்த வயது. சாந்திக்கும் சுனிதிக்கும் அந்த மொழி இன்னும் கைவரவில்லை. அவர்கள் நீதிமன்றத்தில் சிரித்தார்கள். உட்கார நாற்காலி தராதபோது நீதிபதிக்கு முதுகைக் காட்டி நின்றார்கள் என்றும் சொல்வார்கள்.

தூக்குத் தண்டனையை எதிர்பார்த்தார்கள். வயதைக் காரணமாகக் காட்டி ஆயுள் தண்டனை கொடுத்தபோது ஏமாற்றம் அடைந்தார்கள். இந்த ஏமாற்றத்தை நாம் பெருமையாகவே எழுதிவருகிறோம். எனக்கு அது அச்சமூட்டுகிறது. சாவுக்கு மட்டும் அவர்களைத் தயார் செய்திருந்தார்கள். தூக்குமேடை ஒரு நாள் வேலை. ஏழாண்டுச் சிறைக்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்கவில்லை.

சிறையில் ஒரு சின்ன ஏற்பாடு நடந்தது. சாந்தியை இரண்டாம் வகுப்புக் கைதியாகவும் சுனிதியை மூன்றாம் வகுப்புக் கைதியாகவும் பிரித்தார்கள். குற்றம் ஒன்று, நேரம் ஒன்று, மனு ஒன்று. ஆனால் சாப்பாடும் துணியும் உடன் இருப்பவர்களும் வேறு. சுனிதி திருட்டும் கொலையும் செய்து வந்த சாதாரணக் கைதிகளோடு வாழ்ந்தாள். வெளியே அவள் குடும்பம் சிதைந்தது. அப்பாவின் அரசு ஓய்வூதியம் நின்றது. இரண்டு அண்ணன்களைச் சிறை வைத்தார்கள். தம்பி ஒருவன் போதிய உணவின்றி நோயுற்று இறந்தான். சிறைக்குள் இருந்த மகளுக்கு இந்தச் செய்திகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்திருக்கும். அவள் பெரிய மனுஷியானது மைனாமதியிலும் அல்ல, மாஜிஸ்திரேட் பங்களாவிலும் அல்ல. இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பள்ளியில் இவர்களுக்கு வழிகாட்டிய பிரபுல்லநளினியும் தப்பவில்லை. காவலில் வைக்கப்பட்டிருந்த காலத்திலேயே, சரியான மருத்துவம் கிடைக்காமல் 1937இல் இறந்தாள். அவளைத் தேடினால் இந்த இருவரின் கதைக்குள் ஒரு துணைப் பாத்திரமாகத்தான் கிடைக்கிறாள்.

அன்றைய ஆங்கில ஆட்சிக்கு இவர்கள் யாரோ கெடுத்துவிட்ட குழந்தைகள். தேசியவாதிகளுக்குத் துர்க்கையும் காளியும். கெடுக்கப்பட்ட குழந்தை யோசிப்பதில்லை. தெய்வத்துக்கு யோசிக்கத் தேவையில்லை. இரண்டு பக்கமும் சேர்ந்து அவர்களுடைய அறிவை மட்டும் கவனமாக எடுத்து ஒதுக்கி வைத்தன. 1934இல் ரவீந்திரநாத தாகூர் ‘சார் அத்தியாய்’ என்ற சிறு நாவலை எழுதினார். தலைமறைவு இயக்கம் ஏலா என்ற பெண்ணை ஈர்ப்பு மையமாக வைத்து இளைஞர்களைச் சேர்ப்பதும், பிறகு அவளே சுமையாகிப் போவதும் அதன் கதை. பலருக்கும் அந்த நாவல் மீது கோபம். எனக்கும் அதில் ஒரு மனக்குறை உண்டு: ஏலா கடைசியில் காதலனின் கையில் சாவதற்காகவே வளர்க்கப்படுகிறாள். ஆனால் இயக்கம் தன் பெண்களை எப்படிச் செலவு செய்கிறது என்று கேட்டவர் அவர். பிற்பாடு அந்தப் பெண்களே எழுதத் தொடங்கினார்கள். கல்பனா தத்தின் சிட்டகாங் நினைவுகள் 1945இல் வந்தன. பீனா தாஸ் ‘சிருங்கல் ஜங்கார்’ எழுதினார். சாந்தி ‘அருண் பஹ்னி’ எழுதினார். பீனாவுக்குத் துப்பாக்கி வாங்கித் தந்த கமலா தாஸ்குப்தா போராட்டத்தில் நின்ற வங்கப் பெண்களின் வரலாற்றையே ஒரு நூலாகத் தொகுத்தார். நம் மொழியில் இவை வந்தால் மாணவிகளுக்கு எவ்வளவு நன்றாயிருக்கும்.

1932 செப்டம்பரில் பகார்தலி ஐரோப்பியர் மன்றத்தைத் தாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிச் சயனைடு தின்று இறந்த பிரீதிலதா வத்தேதாருக்கு வயது இருபத்தொன்று. தத்துவம் படித்தவர், பள்ளித் தலைமையாசிரியை. அன்று ஆண் உடையில் போனார். அவர் விட்டுச்சென்ற அறிக்கையில் ஒரு கேள்வி உண்டு: நாட்டுப் போராட்டத்தில் ஆண், பெண் என்ற பாகுபாடு ஏன்? எதிரி மட்டும் கேட்டுப் பதில் சொல்ல வேண்டிய கேள்வியல்ல அது.

1939இல், காந்தி எடுத்த முயற்சிகளின் பயனாய் அரசியல் கைதிகள் பலர் விடுதலையானபோது சாந்தியும் சுனிதியும் வெளியே வந்தார்கள். இருபத்திரண்டு வயது. சுனிதி விட்ட இடத்திலிருந்து பாடப் புத்தகத்தை எடுத்தார். பள்ளியில் நின்றுபோன பெண், தன்னைவிட இளையவர்களோடு அமர்ந்து அறிவியல் படித்து, மருத்துவம் படித்து, மருத்துவரானார். தொழிற்சங்கக்காரர் ஒருவரை மணந்தார். சாந்தி திருமணம் செய்துகொண்டு அரசியலில் தொடர்ந்தார். விடுதலைக்குப் பின் மேற்கு வங்கச் சட்டமன்ற அவைகளில் உறுப்பினராக இருந்தார். ஒருவர் சட்டம் செய்யும் இடத்துக்கும் ஒருவர் நோயாளிகளிடமும் போனார்கள். இவர்கள் வளர்ந்த கொமில்லா 1947இல் வேறொரு நாட்டுக்குள் போய்விட்டது. எந்த மண்ணுக்காகச் சுட்டார்களோ அந்த மண்ணுக்குப் போக இனிக் கடவுச்சீட்டு வேண்டும்.

பீனா தாஸ் 1986இல் ரிஷிகேஷில் தனியாக இறந்தார். வழியோரம் கிடந்த உடல் யாருடையது என்று தெரியவே நாளாயிற்று. ஆங்கில அரசு நிறுத்தி வைத்த அவருடைய பட்டத்தையும் பிரீதிலதாவின் பட்டத்தையும் கல்கத்தாப் பல்கலைக்கழகம் 2012இல் வழங்கியது. சுனிதி 1988இல் இறந்தார். மறு ஆண்டு சாந்தியும். மருத்துவர் சுனிதி கோஷிடம் வைத்தியத்துக்கு வந்த பெண்களில் எத்தனையோ பேர், நாடி பிடித்துப் பார்த்த அந்தக் கையைப் பற்றி எதுவும் தெரியாமலே மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.