இம்மிக் கணக்கும் தோட்டத்து நிறையும்

கோல சிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை (2007 முதல் பெஸ்தாரி ஜெயா) முதலிய வட சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் குடியேறிய தமிழர்க்குரிய அளவை மரபுகள் இரண்டு: தாயகத் திண்ணைப் பள்ளிகள் மனனம் செய்வித்த கீழ்வாயிலக்கம் ஒன்று, இந்நாட்டின் காத்தி, பிக்குல் நிறை மற்றொன்று. இரண்டையும் ஓர் எண்ணின் வழி ஒப்பிடுவோம்.

ஒன்றில் 320இல் ஒரு கூறு முந்திரி. முந்திரியில் 320இல் ஒரு கூறு கீழ்முந்திரி, அஃதாவது 1/102400. 102400இன் பகாக்காரணிகள் பன்னிரண்டு இரண்டுகளும் இரண்டு ஐந்துகளுமே. எனவே, மூன்றில் ஒன்றையும் ஏழில் ஒன்றையும் கீழ்முந்திரியால் மீதமின்றிக் கூறவியலாது. 16 தாயில் ஒரு காத்தி. 100 காத்தி ஒரு பிக்குல். ஆகவே பிக்குலுக்கு 1600 தாயில். இதன் காரணிகளும் இரண்டும் ஐந்துமே, குறையும் அதுவே.

கணக்கதிகார மரபோ கீழ்முந்திரியை 21 கூறாக்கி, ஒரு கூற்றை இம்மி என்றது. 21 என்பது மூவேழின் பெருக்கம். இதனால் ஒன்றுக்கு 2150400 இம்மி. மூன்றில் ஒன்று 716800 இம்மி; ஏழில் ஒன்று 307200 இம்மி. 1 முதல் 10 வரையுள்ள எண்களுள் 9 மட்டுமே இதனை மீதமின்றி வகுக்காது.

2003இல் தமிழ்ப்பள்ளிகளிலும் கணிதம் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயிற்று. அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. கணிதத்தைத் தமிழ் தாங்குமா என்னும் ஐயம் அக்காலத்தே நம்மவரிடையேயும் எழுந்தது. ‘இம்மியளவும்’ என இன்றும் வழங்குகிறோம். அச்சொல்லுள் உறையும் எண்ணைப் பகாக்காரணிப் பாடத்தில் மாணவர்க்குக் காட்டுவதே அவ்வையத்திற்குத் தக்க விடையாகும்.