பாலைவனக் கரையோரம் ஒரு போர்க்காலக் கப்பல்



எகிப்தின் சினாய் பாலைவனம் செங்கடலில் போய் முடிகிற இடத்தில் இருக்கிறது ஷார்ம் எல் ஷேக். மழை மிகக் குறைவு. மண்ணை அடித்து வந்து கலக்க ஆறும் இல்லை. கடல் பளிங்குபோல் இருக்கும். ஸ்கூபா டைவிங் விடுமுறைக்கு உலகமே அங்கே போகிறது. பவளப்பாறைகளோடு அவர்கள் தேடிப் போவது, சுமார் 30 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் 'திஸ்டில்கோர்ம்' என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பலை.

வகுப்பாக இருந்தால் முதலில் ஒரு கேள்வி கேட்பேன். பிரிட்டனிலிருந்து அலெக்சாண்ட்ரியாவுக்குப் புறப்பட்ட கப்பல் செங்கடலில் ஏன் மூழ்கியது? மத்தியதரைக் கடல் வழியாக நேரே போயிருக்கலாமே?

புறப்பட்ட ஆண்டு 1941. மத்தியதரைக் கடலில் ஜெர்மனி, இத்தாலி விமானங்களின் தொல்லை. ஆகவே ஆப்பிரிக்காவையே சுற்றி, நன்னம்பிக்கை முனை வழியாகச் செங்கடலுக்குள் வந்து, சூயஸ் கால்வாய்க்குள் நுழைய முறைக்காகக் காத்திருந்தது. வட ஆப்பிரிக்கப் போர்முனைக்கான லாரிகள், மோட்டார் சைக்கிள்கள், துப்பாக்கிகள், வெடிபொருள்கள், இரண்டு ரயில் என்ஜின்கள் எல்லாம் உள்ளே. அக்டோபர் 6 நள்ளிரவு தாண்டிய நேரத்தில் ஜெர்மன் விமானம் போட்ட குண்டு வெடிபொருள் அறையைத் தாக்கியது. கப்பல் பிளந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். ரயில் என்ஜின்கள்கூடத் தூக்கி எறியப்பட்டன.

1950களில் பிரெஞ்சு ஆய்வாளர் ஜாக் கூஸ்தோ அதைக் கண்டறிந்தார். ஆனால் கரையில் அமைதி இல்லை. 1956-லும் 1967-லும் சினாயில் போர். 1967-ல் இஸ்ரேல் கைப்பற்றிய சினாய், சமாதான உடன்படிக்கைப்படி 1982-ல் எகிப்துக்கு முழுவதும் திரும்பியது, தாபா என்ற சிறு பகுதி தவிர. மறு ஆண்டே அருகிலுள்ள ராஸ் முகமது தேசியப் பூங்காவானது. விடுதிகள் பெருகியது அதன் பிறகுதான். சமாதானம் வந்ததால்தான் சுற்றுலாவும் வந்தது என்பதை மறக்க வேண்டாம்.

இன்று அந்தக் கப்பலுக்கு ஆபத்து குண்டால் அல்ல. படகுகள் அதன்மேல் கயிறு கட்டி இழுப்பதால் இரும்புத் தகடுகள் பெயர்கின்றன. நினைவுப் பொருள் என்று சிலர் உதிரிபாகங்களைக் கழற்றிப் போய்விட்டார்கள். ஒன்பது பேர் உயிர்விட்ட இடம் அது. யார் வீட்டுக் கல்லறையிலாவது கல்லைப் பெயர்த்து வருவோமா?

வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் என் மாணவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். விடுமுறையில் ஷார்ம் போனால் தாராளமாக மூழ்கிப் பாருங்கள், படம் எடுங்கள். எதையும் தொடாமல், எடுக்காமல் மேலே வாருங்கள். குழந்தைகளையும் அழைத்துப் போனால், அந்த லாரிகள் எங்கே போய்க்கொண்டிருந்தன என்பதையும் சொல்லிக்கொடுங்கள்.