வளர்ப்பு உயிரணுக்களில் மேல்மரபியல் மாற்றம்

ஆய்வகத்தில் நெடுங்காலம் வளரும் உயிரணுக்களில், டி.என்.ஏ. எழுத்து வரிசை மாறாமலேயே மரபணுக்களின் இயக்கம் மாறிப்போவது. டி.என்.ஏ.மீது மெத்தில் தொகுதிகள் ஒட்டுவதும் உதிர்வதும் இதில் முதன்மையானவை.

எலி, வெள்ளெலி, மனிதர் ஆகியோரின் இயல்பான நார்த்திசு உயிரணுக்கள் வளர்ப்பில் மெத்தில் தொகுதிகளை இழப்பதை ஆய்வாளர்கள் வில்சனும் ஜோன்சும் 1983இல் காட்டினர். மிக வேகமாக இழந்தவை எலியின் உயிரணுக்கள். மிகக் குறைந்த முறை பிரிந்து ஓய்ந்தவையும் அவையே. ஓயாமல் பிரியும், சாகாவரம் பெற்ற உயிரணு வளர்ப்பு வரிசைகளில் நேர்மாறான விந்தையும் உண்டு. தசையாக்கத்துக்குரிய மையோ-டி மரபணுவின் தொடக்கப் பகுதி, எலியின் உடலில் தசையல்லாத திசுக்களிலும் மெத்தில் இன்றியே இருக்கும்; அவ்வரிசைகளிலோ அடர்த்தியாக மெத்திலேற்றம் பெற்றிருப்பது 1990இல் தெரியவந்தது. மனிதப் பெண் கருக் குருத்தணுக்களில், வளர்ப்பின்போது, அடக்கப்பட்ட எக்ஸ் நிறப்புரியின் சில மரபணுக்கள் மீண்டும் விழிப்பதுண்டு.

எனவே, பழைய வளர்ப்பு வரிசையில் கண்டதை உடலுக்கும் பொருத்துமுன் புதிதாக எடுத்த திசுவில் சரிபார்ப்பது கட்டாயம்.