பாலங்கள் சுமக்கும் பெயர்கள்

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், அல்சீ ஆறு பசிபிக் பெருங்கடலைச் சேரும் கழிமுகத்தில் வால்ட்போர்ட் என்னும் சிற்றூர் உள்ளது. இடிக்கப்பட்ட ஒரு பாலத்தின் நினைவைக் காக்கவே அங்கு ஒரு சிறு அருங்காட்சியகம் நிறுவப்பட்டது. அப்பாலத்தோடு, ஒற்றையடிப் பாதைகள் தொட்டு நெடுஞ்சாலை வரையிலான கடற்கரைப் போக்குவரத்தின் வரலாறும் அங்கே காட்சிப்படுத்தப்பட்டது. பொறியியல் வரலாறாக விளங்கும் அக்காட்சிகளை மொழி வரலாறாகவும் வாசிக்க இயலும்.

1930களின் நடுப்பகுதி வரை, கரையோர நெடுஞ்சாலையில் சென்றோர் பெரிய கழிமுகங்களைப் படகில் ஏறியே கடந்தனர். பெருமந்தக் காலத்தில் கூட்டாட்சி அரசின் பொதுப்பணி நிர்வாகம் வழங்கிய நிதியுதவியால் ஐந்து பாலங்கள் எழுந்தன. வடக்கிலிருந்து தெற்காக அவை யக்வினா, அல்சீ, சையூஸ்லா, அம்க்வா, கூஸ் எனப்படும். ஐந்தையும் வடிவமைத்தவர் மாநிலப் பாலப் பொறியாளர் கோண்டி மெக்கல்லோ. மூவாயிரம் அடிக்கும் மேல் நீண்டு, நடுவே மூன்று பெரிய வளைவுகளைக் கொண்டிருந்த அல்சீ பாலம் 1936இல் நிறைவுற்றது.

அப்பாலத்தைக் கடற்காற்று அழித்தது. காற்றிலிருந்த உப்பு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே ஊடுருவி, உள்ளிருந்த எஃகுக் கம்பிகளை அரித்தது. துரு எஃகைவிட மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்வதால் கான்கிரீட் வெடித்துப் பெயர்ந்தது. 1991இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. 55 ஆண்டு நின்ற பழைய பாலம் இடிக்கப்பட்டது. அதன் பின்னர், எஞ்சிய கடற்கரைப் பாலங்கள் சிலவற்றின் கான்கிரீட் மீது துத்தநாகம் தெளித்து, மெல்லிய மின்னோட்டம் செலுத்தி, எஃகைக் காக்கும் முறை கைக்கொள்ளப்பட்டது. யக்வினா பாலம் அவ்வாறு காக்கப்பட்டவற்றுள் ஒன்று.

இனி, அப்பாலங்களின் பெயர்களைக் காணலாம். ஐந்துமே அக்கரையில் வாழ்ந்த தொல்குடிகளின் பெயர்கள். யக்வினாவும் அல்சீயும் நெருங்கிய உறவுடைய இரு பேச்சு வழக்குகள். சையூஸ்லாவும் கீழ் அம்க்வாவும் ஒரே மொழியின் இரு கிளைவழக்குகள். கூஸ் மக்களிடையே ஹானிஸ், மிலுக் என இரு மொழிகள் வழங்கின. ஆகவே, பாலங்களின் பட்டியலே அக்கரையின் மொழி வரைபடமாகவும் அமைகிறது. ஆனால் இவற்றுள் எதனையும் தாய்மொழியாகப் பேசுவோர் இன்று இல்லை.

1855இல் அக்கடற்கரை பழங்குடியினருக்கான ஒதுக்கீட்டு நிலமாக அறிவிக்கப்பட்டது. 1865இல் யக்வினா பகுதி அதிலிருந்து பிரிக்கப்பட்டது. 1875இல் அல்சீ பகுதியும் குடியேறிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. வால்ட்போர்ட் அதன் பின்னரே ஊராக உருவெடுத்தது. அவ்வூர்ப் பெயரின் முற்பகுதி, காடு எனப் பொருள்படும் ஜெர்மன் சொல். ஊர்ப் பெயர் குடியேறிகளின் மொழியில் அமைய, நீர்நிலையின் பெயர் தொல்குடியினருடையதாகவே நின்றது. ஆற்றுப் பெயர்கள் ஊர்ப் பெயர்களைவிட நெடுங்காலம் நிலைக்கும் என்னும் பெயராய்வுக் கருத்துக்கு இது தக்க சான்று.

அல்சீ மொழியை 1900இல் லிவிங்ஸ்டன் ஃபாரண்டும், 1910இல் லியோ பிராக்டன்பர்க்கும் பதிவு செய்தனர். அவ்வுரைகள் 1920இல் நூலாக வெளிவந்தன. ஜான் ஆல்பர்ட் என்னும் பேச்சாளரிடமிருந்து ஜே. பி. ஹாரிங்டன் 1942இல் செய்ததே இறுதிப் பதிவு. பாலம் திறக்கப்பட்டு அப்போது ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. அதாவது, புதிய பாலத்தின் மீது வண்டிகள் ஓடத் தொடங்கிய காலத்தில், அதன் பெயருக்குரிய மொழி இறுதிப் பேச்சாளர்களின் நாவில் மட்டுமே எஞ்சியிருந்தது.

இரு இழப்புகளையும் ஒன்றெனக் கருதுதல் பிழை. பாலத்தை அழித்தது உப்பு. மொழியை அழித்தது நில ஆணைகளும் இடப்பெயர்ச்சியும். பாலத்தின் இழப்பிலிருந்து கற்ற பாடம் பிற பாலங்களைக் காக்க உதவியது. மொழிக்கு அத்தகைய காப்பு உரிய காலத்தில் வாய்க்கவில்லை. அல்சீ மக்களின் வழித்தோன்றல்கள் சிலெட்ஸ் பழங்குடிக் கூட்டமைப்பில் இன்றும் வாழ்கின்றனர்.

1947இல் கூஸ் விரிகுடாப் பாலம் மெக்கல்லோவின் பெயரைப் பெற்றது. கட்டியவரைப் போற்றிய அம்மாற்றத்தால் பாலங்களின் வரிசையில் ஒரு தொல்குடிப் பெயர் மறைந்தது. எஞ்சிய நான்கும் யாருடைய பெயர்கள் என்பதை வருகையாளருக்கு எடுத்துரைப்பதும் பால வரலாற்றின் பணியே.