கையெழுத்துக்குப் பின் வரும் ஆண்டுகள்: புதுச்சேரியில் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையும் நோயாளியின் ஒப்புதலும்

2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவர் உடல் எடையைக் குறைக்கும் அறுவை சிகிச்சைக்காகச் சென்னைப் புறநகரான பம்மலில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனார், உயிரோடு திரும்பவில்லை. தமிழக அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. மருத்துவமனையின் பதிவு தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது. அதன்பின் இந்த அறுவையைப் பற்றி எழுந்த பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி வந்தது: இந்த ஆபரேஷன் பாதுகாப்பானதா? ஒரு குடும்பம் பிள்ளையைப் பறிகொடுத்த நிலையில் அப்படிக் கேட்பது நியாயம்தான். ஆனால் பேச்சு அதோடு நின்றுவிட்டது. இந்த அறுவைக்குக் கையெழுத்திடுபவர் உண்மையில் அதற்குப் பிந்தைய இருபது, முப்பது ஆண்டுகளுக்கே கையெழுத்திடுகிறார். அந்த ஆண்டுகளைப் பற்றிப் பேசாமல் வாங்கும் ஒப்புதல் அரைகுறையானது. அறுவை ஓர் ஊரிலும் வாழ்க்கை வேறோர் ஊரிலுமாகப் பிரிந்து கிடக்கும்போது இந்தக் குறை இன்னும் பெரிதாகிறது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

பிரச்சினையின் அளவை முதலில் பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'இண்டியாப்' ஆய்வு 2023-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, உடற்பருமனில் நாட்டிலேயே முதலிடம் புதுச்சேரிக்கு. பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 25-ஐ எட்டியவர்கள் இங்கே 53.3 விழுக்காடு, நாட்டின் சராசரி 28.6. வயிற்றுப் பகுதிப் பருமனிலும் 61.2 விழுக்காட்டோடு புதுச்சேரியே முதலிடம். நீரிழிவு 26.3 விழுக்காடு; இதில் கோவா மட்டுமே ஒரு மயிரிழை மேலே நிற்கிறது. வயது வந்தோரில் நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை உள்ள ஊரில் இந்த அறுவையை அழகுக்கான ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

சிகிச்சையின் பலனுக்கும் சான்று வலுவாகவே இருக்கிறது. அமெரிக்காவில் நடந்த 'ஸ்டாம்பீட்' ஆய்வு 150 நீரிழிவு நோயாளிகளை எடுத்துக்கொண்டது. ஐந்தாம் ஆண்டு முடிவில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (எச்பிஏ1சி) 6-க்குள் இருந்தவர்கள், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 விழுக்காடு. இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்களில் 29. இரைப்பையைச் சுருக்கும் ஸ்லீவ் அறுவை செய்துகொண்டவர்களில் 23. சுவீடனில் 1987-இல் தொடங்கிய நீண்டகால ஆய்வில், அறுவை செய்துகொண்டோரிடையே இறப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. அறுவையை ஒட்டி நேரும் ஆபத்தும் மக்கள் அஞ்சுகிற அளவுக்கு இல்லை. தேர்ந்த மையங்களைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், முதல் 30 நாளில் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு மூவர். தேர்ந்த மையம் என்ற நிபந்தனையை மட்டும் மறந்துவிடக் கூடாது. அவசரம் வந்தால் தாங்கக்கூடிய தீவிர சிகிச்சைப் பிரிவும், பருமனான உடலுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய மருத்துவரும் இல்லாத இடத்தில் இந்த எண்ணிக்கை செல்லாது.

எனவே அறுவை வேண்டாம் என்பது என் நிலைப்பாடு அல்ல. நோயாளியிடம் பேசப்படாத பகுதியே என் கவலை.

ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கப்படுகிறது. அதை மறுபடி ஒட்ட வைக்க முடியாது. பசியைத் தூண்டும் கிரெலின் சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடுவதால், முதல் சில மாதங்களில் பசி என்பதே பலருக்கு மறந்துபோகிறது. தொடக்கத்தில் இருமல் மருந்து மூடியளவு நீராகாரம், பிறகு கூழ்ப்பதம், ஒன்றிரண்டு மாதம் போனபின் அரை இட்லி, அதையும் இருபது நிமிடம் மென்று. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி நேரம் கழித்துத்தான். இலை போடும்போதே டம்ளரில் தண்ணீர் வைக்கிற வீட்டில் இந்த ஒரு விதியைக் கடைப்பிடிப்பதே பெரும்பாடு. புரதம் நாளுக்கு 60 கிராமாவது வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. ஓர் இட்லியில் கிடைப்பது சுமார் இரண்டு கிராம். ஆக முட்டை, மீன், பருப்பு, தயிர் முதலில் வயிற்றுக்குள் போக வேண்டும்; சோற்றுக்கு மிச்ச இடம்தான்.

இங்கே ஒரு வழுக்கல் இருக்கிறது. கோழிக்கறியும் பேக்கரி ரொட்டியும் நெஞ்சுக்குக் கீழே அடைத்துக்கொண்டு நிற்கும்; குழைந்த ரசம் சாதமும் பாயசமும் ஐஸ்கிரீமும் தடையில்லாமல் இறங்கும். வலிக்காததை உடம்பு தேடுவது இயல்பு. இரண்டாம், மூன்றாம் ஆண்டில் எடை திரும்புகிறவர்களில் பலருடைய கதை இப்படித்தான் தொடங்குகிறது. ஊர் அதைச் 'சாப்பாட்டு ஆசை' என்று பழிக்கிறது. நோயாளியும் அந்தப் பழியை ஏற்றுக்கொண்டு வெட்கத்தில் மருத்துவரிடம் போவதை நிறுத்திவிடுகிறார். வைட்டமின் பி12, இரும்பு, கால்சியம் ஆகியவை வாழ்நாள் மாத்திரைகள். வாந்தி தொடர்ந்தால் தயமின் குறைந்து நரம்பு பாதிக்கப்படும். மூன்றாவது மாதத்திலிருந்து கொத்துக் கொத்தாக முடி கொட்டும். பெரும்பாலும் அது மறுபடி வளரும். முன்பே சொல்லப்படாத பெண்ணுக்கு அந்த மாதங்கள் நரகம். கருத்தரிப்பை ஒன்று, ஒன்றரை ஆண்டு தள்ளிவைக்க வேண்டும். கல்யாணம் கூடிவர வேண்டும் என்பதற்காகவே பெற்றோர் மகளை அறுவைக்கு அழைத்துவந்திருந்தால், இதை யார், எப்போது, யாரிடம் சொல்வது?

புதுச்சேரிக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. அதுதான் மிகக் குறைவாகப் பேசப்படுவது. அறுவைக்குப் பின் மது இரத்தத்தில் வேகமாக ஏறுகிறது, அதிக அளவுக்கு ஏறுகிறது. முன்பு இரண்டு கிளாஸில் வந்த போதை ஒன்றிலேயே வரும். அமெரிக்காவின் 10 மருத்துவமனைகளில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், மதுப் பழக்கக் கோளாறு அறுவைக்கு முந்தைய ஆண்டில் 7.6 விழுக்காடாக இருந்து, அறுவைக்குப் பிந்தைய இரண்டாம் ஆண்டில் 9.6 ஆனது. முதல் ஆண்டில் உயரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்: நோயாளி மருத்துவர் பார்வையிலிருந்து விலகத் தொடங்கும் காலத்தில்தான் இது தலைதூக்குகிறது. தமிழ்நாட்டைவிட மலிவாக மது கிடைக்கும், கலால் வரியை நம்பி நிர்வாகம் நடக்கும் ஊரில் இது ஓர் அடிக்குறிப்பாக இருக்கலாமா? சாப்பாட்டில் ஆறுதல் தேடியவர், அந்த வாசல் மூடியபின் தெருமுனையில் திறந்திருக்கும் வாசலுக்குப் போவதற்கு வெகு தூரம் நடக்க வேண்டியதில்லை. இங்கே அறுவைக்கு முன் குடிப்பழக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்வது சடங்காக இருக்கக் கூடாது. இரண்டாம் ஆண்டிலும் மூன்றாம் ஆண்டிலும் திரும்பக் கேட்க வேண்டும்.

சட்டம் இதற்கு இடம் தருகிறது. சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் தன்மை, பலன், மாற்று வழிகள், ஆபத்துகள் ஆகியவற்றைப் போதிய அளவு எடுத்துச் சொல்லி வாங்குவதே செல்லத்தக்க ஒப்புதல் என்றது. மாற்று வழிகள் இப்போது பெயரளவுக்கு இல்லை. எடைக் குறைப்பு ஊசிகளான மவுஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. இந்த ஊசிகளை நிறுத்தினால் எடை பெருமளவு திரும்பிவிடுகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மாற்றாரின் பொருளைக் குறை சொல்வதற்காக அல்லாமல், எந்த வழியில் போனாலும் வைத்தியம் முடிவதில்லை என்பதை நோயாளி அறிவதற்காகச் சொல்ல வேண்டும்.

காப்பீட்டு விதியும் இந்த முடிவுக்குள் புகுந்து விளையாடுகிறது. பி.எம்.ஐ. 40, அல்லது கட்டுக்கடங்காத நீரிழிவு போன்ற கடுமையான துணைநோயோடு 35 என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் வரம்பு. 2022-இன் சர்வதேச வழிகாட்டுதலோ ஆசியர்களுக்கு 27.5-இலிருந்தே அறுவையைப் பரிசீலிக்கலாம் என்கிறது; நம் உடம்பு குறைந்த எடையிலேயே சர்க்கரைக்கு ஆளாகிறது என்பது காரணம். இடையில் மாட்டிக்கொள்பவர் பி.எம்.ஐ. 33 உள்ள சர்க்கரை நோயாளி. மருத்துவம் அவரைத் தகுதியானவர் என்கிறது, காப்பீடு கைவிரிக்கிறது. நகையை வைத்தோ கடன் வாங்கியோ அவர் அறுவைக்குப் பணம் கட்டுகிறார். அதன்பின் இரத்தப் பரிசோதனைக்கும் புரதப் பொடிக்கும் மாத்திரைக்கும் கையில் காசில்லை. தொடர் கவனிப்பு அறுந்துபோவதற்கு நோயாளியின் அலட்சியத்தை மட்டும் குற்றம் சொல்வது அநியாயம்.

இந்த இடத்தில் புதுச்சேரிக்கு உறவுள்ள ஒரு நாட்டைப் பார்ப்பது பயன்படும். பிரெஞ்சுக் குடியுரிமையோடு இங்கே வாழும் குடும்பங்களுக்கு அந்த நாட்டு மருத்துவ முறை புதிதல்ல. பிரான்சின் தேசியச் சுகாதார ஆணையம் 2009-இலேயே, அறுவைக்கு முன் பல மாத ஆயத்தம், பல துறையினர் கூடி எடுக்கும் முடிவு, வாழ்நாள் கவனிப்பு என்று வரையறுத்தது. செலவை அரசுக் காப்பீடு ஏற்கிறது. அப்படியிருந்தும், அந்த ஆண்டில் அறுவை செய்துகொண்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், அறுவை நிபுணரைப் பார்க்க வந்தவர்கள் முதல் ஆண்டில் நூற்றுக்கு 87. ஐந்தாம் ஆண்டில் 30-ஐத் தொடவில்லை. பணத்தடை குறைந்த நாட்டிலேயே இப்படியென்றால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய் டாக்டரைப் பார்க்க வேண்டியவர் எத்தனை ஆண்டு போவார்?

புதுச்சேரியிலேயே அறுவை செய்துகொள்வோரும் இருக்கிறார்கள். ஆனால் சென்னைக்கோ வேறு ஊருக்கோ போய்வந்தவர்களை யார் பொறுப்பில் எடுப்பது என்பதற்கு விடை வேண்டும். கோரிமேட்டில் ஜிப்மரும் நகருக்குள் இந்திரா காந்தி அரசுப் பொது மருத்துவமனையும் இருக்கும் சிறிய ஊர் இது. எங்கே அறுவை நடந்திருந்தாலும், வாரத்தில் ஒரு நாள் அவர்களைப் பார்க்கும் புறநோயாளிப் பிரிவும், யார் வரவில்லை என்று தேடிக் கூப்பிட ஒரு பதிவேடும் இங்கே சாத்தியமே. தனியார் செய்த வேலைக்கு அரசு ஏன் சுமக்க வேண்டும் என்ற மறுப்பு வரும். பி12 குறைந்து கால் மரத்துப்போனவரும், குடிக்கு அடிமையானவரும் எப்படியும் அதே அரசு மருத்துவமனையின் வேறொரு வாசலில்தான் வந்து நிற்பார்கள். அப்போது ஆகும் செலவு பெரிது. இவ்வளவும் பேசி ஒப்புதல் வாங்குவது அவசர நோயாளிக்குத் தாமதம் என்பது இன்னொரு மறுப்பு. இந்த அறுவை, மிக அரிதாகவன்றி, நாளைக்கே செய்தாக வேண்டியதல்ல. நாளைக்கே வந்து படுங்கள், சலுகை முடிகிறது என்று ஓர் இடம் அவசரப்படுத்தினால், வேறு இடம் தேட அதுவே போதிய காரணம்.

அறுவை செய்யும் மருத்துவமனைக்கு ஒரு நிபந்தனை போதும் என்று தோன்றுகிறது. நோயாளியின் சொந்த ஊரில் அடுத்த ஐந்து ஆண்டுகள் அவரைப் பார்க்கப்போகும் மருத்துவர் யார், உணவு ஆலோசகர் யார் என்ற இரண்டு பெயர்களும் ஒப்புதல் படிவத்திலேயே எழுதப்பட வேண்டும். அவ்விருவரின் சம்மதமும் முன்பே பெறப்பட்டிருக்க வேண்டும். அந்த இரண்டு கோடுகளும் காலியாக இருக்கும்வரை கீழே கையெழுத்து வாங்கக் கூடாது.