கனத்த பறவைகளும் அவற்றை ஓட்டப் பழகியவர்களும்

மலர்க் குழுவினர் வரலாற்றுக் கட்டுரை கேட்டதும் பல்லவர், பட்டு, கோபுரம் என்று ஏதாவது வரும் என எதிர்பார்த்திருப்பார்கள். அதெல்லாம் நம் மலர்களில் நிறையவே வந்தாயிற்று. ஒரு மாறுதலுக்கு, நம் தலைக்கு மேலே பறக்கிற ஒரு சமாசாரத்தைப் பற்றி எழுதுகிறேன். நான் விமானி அல்ல, வரலாறு படித்தவன். ஆகவே இயந்திர நுணுக்கத்தை எனக்குப் புரிந்த தமிழிலேயே சொல்கிறேன்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்குப் பெரிய விமானம் புதிதல்ல. நமக்கு நேர் வடக்கே அரக்கோணத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுபாதை இருந்த இடத்தில், 1992 மார்ச்சில் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி தொடங்கப்பட்டது. ஓடுபாதையின் நீளம் நான்கு கிலோமீட்டருக்கு மேல். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் விமான நிலையம் மூழ்கி மூடப்பட்டபோது, மீட்புக் குழுக்களையும் நிவாரணப் பொருளையும் சுமந்த விமானங்கள் இறங்கியது அங்கேதான். சிக்கிக்கொண்ட பயணிகள் வெளியூர் பறந்ததும் அங்கிருந்துதான். (பரந்தூர் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அதற்குத் தனி மலரே போட வேண்டும்.)

சரக்கு விமானம்னா லாரி மாதிரிதானே, ஏத்தினா ஏறும், ஓட்டினா ஓடும் என்று நினைப்பவர்கள் உண்டு. விஷயம் அப்படியில்லை. நம் விமானப்படையின் 44வது ஸ்குவாட்ரன் 1985-இல் ருஷ்ய ஐ.எல்.-76 விமானத்தைப் பெற்றது. 'கஜராஜ்' என்று பெயரிட்டார்கள், பொருத்தமான பெயர். நான்கு ஜெட் எஞ்சின்கள். சிறகின் அகலம் ஐம்பது மீட்டர். வெறும் வயிற்றோடு பறக்கும்போது ஒரு குணம், முழுப் பாரத்தோடு பறக்கும்போது இன்னொரு குணம். இரண்டுக்கும் நடுவே எடை ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். நேற்று காலியாக ஓட்டிய கைப்பழக்கத்தை இன்று நம்பினால் ஆபத்து. எஞ்சின் கைப்பிடியைத் தள்ளியதும் வேகம் வந்துவிடாது, சில நொடி ஆகும். ஆகவே விமானி எதையும் முன்கூட்டியே நினைத்துவிட வேண்டும். மாட்டுவண்டியை மேட்டில் திருப்பியவருக்கு இது சுலபமாகப் புரியும்.

இந்த யானைக்குப் பெரிய சோதனை லே. கடல் மட்டத்திலிருந்து 10,682 அடி உயரம். அங்கே காற்று மெலிந்திருப்பதால் கருவியின் முள் மணிக்கு 240 கிலோமீட்டர் காட்டும்போது, விமானம் உண்மையில் 280-க்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும். எஞ்சினின் பலமோ குறைந்திருக்கும். சுற்றிலும் மலை. ஓடுபாதையும் சரிவு. ஒரு பக்கமாக இறங்கி, வந்த பக்கமே திரும்பிக் கிளம்ப வேண்டும். வெயில் ஏறினால் காற்று இன்னும் மெலியும், பள்ளத்தாக்கில் பலமாக வீசவும் ஆரம்பித்துவிடும். அதனால்தான் விடிந்ததும் போய் வெயிலுக்கு முன் திரும்புகிற வழக்கம். 1948 மே மாதம் மெஹர் சிங் ஒரு டகோட்டாவை, பக்கத்தில் ஜெனரல் திம்மையாவை உட்கார வைத்துக்கொண்டு, முதன்முதலாக அங்கே இறக்கினார். அன்று ஆரம்பித்த பாடம் இது.

மாலத்தீவு விவகாரம் பழைய மாணவர்களுக்கு நினைவிருக்கும். 1988 நவம்பர் 3-ஆம் தேதி. இலங்கைத் தமிழ் ஆயுதக்குழுவான பிளாட்டைச் சேர்ந்தவர்களைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டு ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்தார்கள். அதிபர் கயூம் தில்லியிடம் உதவி கேட்டார். அன்று மாலையே ஆக்ராவிலிருந்து பாராசூட் படையினரோடு இரண்டு ஐ.எல்.-76 கிளம்பின. ஸ்குவாட்ரன் தலைவர் குரூப் கேப்டன் அனந்த் பேவூர். மாலத்தீவுக்கான நம் தூதர் ஏ.கே.பானர்ஜியும் விமானத்தில் இருந்தார். நிற்காமல் சுமார் 2,600 கிலோமீட்டர், பெரும்பகுதி இருட்டில். போய்ச் சேரும் இடமோ நான்கு பக்கமும் கடல் சூழ்ந்த ஹுல்ஹுலே என்கிற துண்டுத் தீவு. ஓடுபாதை விளக்கு எரிந்தது சில நொடிதான், அதற்குள் இடத்தைக் குறித்துக்கொண்டு இறங்கினார்கள். கொஞ்சம் நீண்டிருந்தால் கடல். விடிவதற்குள் கயூம் பத்திரமாக மீட்கப்பட்டார். பத்திரிகைகள் படையினரைப் புகழ்ந்தன, நியாயம்தான். ஓட்டிப்போனவர்களின் பேர் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1996 நவம்பர் 12, அரியானாவில் சர்க்கி தாத்ரி. கஜகஸ்தானின் ஐ.எல்.-76 ஒன்று தில்லியில் இறங்க வந்துகொண்டிருந்தது. 15,000 அடியில் நிற்க வேண்டியது, அதற்குக் கீழே இறங்கி, எதிரே ஏறிவந்த சவூதி ஜம்போவில் மோதியது. 349 உயிர்கள். அந்த ஐ.எல்.-76-இல் தரையோடு ஆங்கிலம் பேசுகிற வேலை ரேடியோக்காரருடையது. அவர் முன்னால் உயரம் காட்டும் கருவி கிடையாது, விமானிகளின் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டும். கேட்பவர் ஒருவர், ஓட்டுபவர் வேறொருவர்! அதற்குப் பிறகுதான் எதிரே வரும் விமானத்தை எச்சரிக்கிற கருவி நம் நாட்டில் கட்டாயமானது.

ஆக, பெரிய விமானத்தைப் பழக்குவதென்றால் கையை மட்டும் பழக்குவதல்ல, ஒரு குழுவையே பழக்க வேண்டும். சரக்கைக் கட்டுகிற ஆளும் அதில் சேர்த்தி. 2013 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானின் பக்ராமில் ஒரு 747 கிளம்பிய சில நொடியில், உள்ளே கட்டியிருந்த கனரக வண்டி அவிழ்ந்து பின்னால் உருண்டு வால்பகுதியின் இயக்கத்தையே உடைத்தது. ஏழு பேரும் போனார்கள். விமானி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பயனில்லை.

அதே 2013 செப்டம்பரில் ஹிண்டனில் நம் விமானப்படையின் சி-17 சேவைக்கு வந்தது. சுமார் 77 டன் தூக்கும். ஐ.எல்.-76-இல் ஆறு பேர் பார்த்த வேலையை இதில் இரண்டு விமானிகளும் ஒரு லோட் மாஸ்டரும் பார்க்கிறார்கள். ஆள் குறைந்தால் ஒவ்வொரு தலையிலும் சுமை கூடத்தானே செய்யும்? அதனால் 2016-இல் குர்காவில் இதற்கென்றே சிமுலேட்டரோடு பயிற்சி மையம் திறந்தார்கள். எஞ்சினில் தீ, சக்கரம் இறங்காமை போன்றவற்றை ஆகாயத்தில் ஒத்திகை பார்க்க முடியாது. அங்கே தினம் பார்க்கலாம்.

நம் வீட்டுப் பக்கத்துப் பெருமை ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பு. விமானிகளுக்குக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களை உருவாக்குகிற பள்ளி தாம்பரத்தில் இருக்கிறது. 1948-இல் அம்பாலாவில் ஆரம்பித்து 1954-இல் இங்கே வந்தது. ஏற்கெனவே நன்றாக ஓட்டத் தெரிந்தவர்தான் அங்கே மாணவர். ஓட்டிக்கொண்டே, தான் செய்வதை வார்த்தையில் சொல்லிக்கொண்டே போக வேண்டும், 'பேட்டர்' என்பார்கள். கை ஒன்று செய்ய, வாய் அதையே விளக்க, கண் மாணவனைக் கவனிக்க வேண்டும். தறியில் உட்கார்ந்து பிள்ளைக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த நம் ஊர்ப் பெரியவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும்.

அதே தாம்பரத்திலிருந்து 2016 ஜூலை 22 காலையில் போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏ.என்.-32 வங்கக் கடலுக்கு மேலே காணாமல் போனது. அது ஜெட் அல்ல, சிறிய விசிறி எஞ்சின் விமானம். உள்ளே 29 பேர். ஏழரை ஆண்டு கழித்து, 2024 ஜனவரியில், பள்ளிக்கரணை தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லாக் கலம் 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைப் படம் பிடித்தது. அதுவரை அந்த வீடுகளில் எப்படி இருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கவே முடியவில்லை.

கொரோனாவின் இரண்டாம் அலையில், 2021 மே மாதம், இங்கிலாந்திலிருந்து 450 ஆக்ஸிஜன் சிலிண்டர்களோடு ஒரு சி-17 சென்னையில் இறங்கியது. திரவ ஆக்ஸிஜன் டேங்கர்களை மட்டும் நிரப்பிக்கொண்டு பறக்கக் கூடாது. காலியாக ஆகாயத்தில் ஏற்றிப்போய், நிரப்பி, ரயிலிலும் சாலையிலும் திருப்பிக்கொண்டு வந்தார்கள்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு தகவல். பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படித்திருந்து பட்டம் முடித்தவர்கள் ஏஃப்கேட் தேர்வு வழியாக இந்த வேலைக்குப் போகலாம். 1994 முதல் பெண்களும் சரக்கு விமானம் ஓட்டுகிறார்கள்.