டீசலுக்கு மாறிய பிளிமத்

திருத்தணி மலைக்கு நடந்து ஏறுகிறவர்களுக்கு 365 படிகள். வண்டியில் வருகிறவர்களுக்குத் தார்ச்சாலை. எழுபதுகளின் இறுதியில், ஓர் ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள், அந்தச் சாலையில் பழைய பிளிமத் கார் ஒன்று ஏறிவந்ததைப் பார்த்தேன். அகன்ற முகமும் குரோமியப் பளபளப்புமாக ஜமீன்தார் தோரணை. எழுந்த ஓசையோ லாரியினுடையது. நாங்கள் சிறுவர்கள் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது என்று புரியப் பல ஆண்டுகள் ஆயின.

வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், அமெரிக்காவின் கிரைஸ்லருடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, 1947 முதல் பம்பாய் குர்லாவில் டாட்ஜ், பிளிமத், டிசோட்டோ கார்களைப் பூட்டி விற்றது. அன்றைய பிளிமத்தின் ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் ஏறக்குறைய 3.6 லிட்டர். மலிவான பெட்ரோலையும் நீண்ட நெடுஞ்சாலைகளையும் மனத்தில் கொண்டு பிறந்த எஞ்சின் அது. செல்வர்கள் கைவிட்ட பிறகு இக்கார்கள் வாடகை வண்டிகளாயின. ஒரு குடும்பமே மூட்டை முடிச்சுடன் ஏறிக்கொள்ளலாம். கோயில் யாத்திரைக்கு இதைவிட உகந்தது வேறில்லை.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தன. பெட்ரோல் விலை ஏறியது. கார் ஓட்டிப் பிழைத்தவருக்கு இரண்டே வழிகள்: வண்டியை எடைக்குப் போடுவது, அல்லது எஞ்சினை மாற்றுவது.

குதிரை வண்டி கட்டும் தொழிலாக 1840-இல் சென்னையில் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனம், அதற்குள் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களைத் தயாரிக்கும் ஆலையாக வளர்ந்திருந்தது. லாரியிலும் டிராக்டரிலும் பழகிய எஞ்சின் என்பதால் மெக்கானிக்குகளுக்கு அது அத்துப்படி. ஆனால் பொருத்துவது எளிதன்று. டீசல் எஞ்சின் கனமானது. முன்பக்க ஸ்பிரிங்கை வலுப்படுத்த வேண்டும். அதன் சுழற்சி வேகம் குறைவு. கியர் விகிதம் ஒத்துவர வேண்டும். பழைய கியர்பாக்ஸோடு இணைக்கத் தனித் தகடு கடைய வேண்டும். வேகம் போயிற்று, சத்தம் வந்தது. ஆனால் மலையேற வேண்டிய இழுவை, குறைந்த சுழற்சியிலேயே கிடைத்தது.

அதே காலத்தில் அமெரிக்காவிலும் இதுவே நடந்தது என்பதுதான் வியப்பு. 1964-இல் வந்த போன்டியாக் ஜிடிஓவின் எஞ்சின் 6.4 லிட்டர், 'மசில் கார்' யுகத்தின் தொடக்கமாக அதைச் சொல்வார்கள். பத்தே ஆண்டுகளில், 1974-ஆம் ஆண்டு மாடலாக வந்த ஃபோர்டு மஸ்டாங் 2, வி8 எஞ்சின் இல்லாமல், 2.3 லிட்டர் நான்கு சிலிண்டரோடும் 2.8 லிட்டர் வி6-ஓடும் மட்டுமே விற்பனைக்கு வந்தது. அங்கே வரைபட மேசையில் எடுத்த முடிவை இங்கே பட்டறைத் தரையில் அமர்ந்து எடுத்தார்கள். அங்கே அது மோட்டார் வரலாற்றின் ஓர் அத்தியாயம். இங்கே வெறும் ஒட்டுவேலை என்று பெயர்.

உலகச் சந்தைக்காக மஸ்டாங் 2014-இல் மீண்டும் 2.3 லிட்டர் எஞ்சினை ஏற்றது. ஆலையிலேயே வலப்பக்க ஸ்டியரிங்கும் பெற்றது. 2016-இல் இந்தியாவுக்கு வந்ததோ 5 லிட்டர் வி8 மட்டும். அதை வாங்குகிறவர் பெட்ரோல் கணக்குப் பார்ப்பவர் அல்லர்.

கணக்குப் பார்த்தவர், அன்று திருத்தணி மலைமேல் வண்டியை நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வைத்த ஓட்டுநர். அவருடைய எஞ்சினை மாற்றிக் கொடுத்த மெக்கானிக்கின் பெயர் எந்த வரலாற்றிலும் இல்லை. எங்களுக்குக் கேட்டது சத்தம். அவருக்கு அது அடுத்த மாதச் சோறு.